உண்டியலில் விழுந்த பதக்கம்

 

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பூசை நேரம், அன்னதான உபயம், திருப்பணி நன்கொடை என்றுதான் எழுதுவோம். இன்று கொஞ்சம் நீளமாக வேறு ஒரு விஷயம். சூரசம்ஹாரத்தன்று செருப்பு வைக்கும் இடத்தில் நம்ம கொங்கோ தாத்தா சட்டையில் ஒரு பதக்கம் குத்தி உட்கார்ந்திருந்ததைப் பல பேர் பார்த்தீர்கள். "என்னா அது, கோயில்ல கொடுத்தீங்களா?" என்று எங்களைக் கேட்டவர்களும் உண்டு. கோயில் கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கோயில் அதைப் பதினாறு வருடம் பூட்டி வைத்திருந்தது. அதைத்தான் எழுதப் போகிறோம். எழுதுவதற்கு எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு முன்னால் ஜனவரியில் ஆபிஸ் அலமாரியைக் காலி செய்தோம். கரையான் வந்துவிட்டது. மேல் தட்டில் ஒரு பழைய ஹப் செங் பிஸ்கட் டின். உண்டியல் எண்ணும்போது கணக்கில் சேராதது எல்லாம் அதில்தான் போகும். தாய்லாந்து காசு, இந்தோனேசியா காசு, கவரிங் தோடு, பொம்மைக் காசு, ஒரு தடவை யாரோ போட்ட பல்லுகூட உண்டு. வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கழிக்கலாம் என்று சிவப்புத் துணி விரித்த மேசை மேல் கொட்டினோம். அந்த நேரம் தாத்தா செருப்பு டோக்கன் வளையத்தைக் கொடுக்க உள்ளே வந்தார். வந்தவர் நின்றார். குனிந்து ஒரு பித்தளை நிற வில்லையை எடுத்தார். அதில் ஒரு துண்டு ரிப்பன் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீலம் வெளுத்துப் போச்சே," என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களோடதா தாத்தா?" என்று கேட்டோம். "இருந்துச்சு. இப்ப சாமியோடது," என்று சொல்லி மறுபடியும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். 'கொங்கோ தாத்தா' என்ற பேரை வைத்தது நாங்கள்தான். மரியாதைக்கு வைத்த பேர் இல்லை. அவர் எப்போது பேச ஆரம்பித்தாலும் "நான் கொங்கோவுல இருந்தப்ப" என்று தொடங்குவார். அங்கே ஆறு கடல் மாதிரி இருக்கும், இந்தக் கரையில் ஒரு நாட்டுத் தலைநகரம், அந்தக் கரையில் இன்னொரு நாட்டுத் தலைநகரம், நின்றால் கண்ணுக்குத் தெரியும் என்பார். மரவள்ளி மாவைக் களியாகக் கிண்டிக் கையால் உருட்டிச் சாப்பிடுவார்கள், ஜப்பான்காரன் காலத்தில் நாம் தின்ற கிழங்கு அங்கே ராஜா சாப்பாடு என்பார். காய்ச்சலில் படுத்தபோது இந்திய ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்ப் பையன் ஊசி போட்டானாம். "எந்த ஊருங்க?" என்று கேட்டானாம். "கெடா" என்றாராம். "அது எந்த ஜில்லா?" என்றானாம். நாங்கள் சிரிப்போம். யாராவது பெரிய புளுகு விட்டால் "போதும்லா, கொங்கோவுக்குப் போயிட்டியா?" என்பது எங்கள் குழுவில் வழக்கமான பேச்சு. அவர் காதிலேயே விழுந்திருக்கிறது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ப் போனில் வரைபடத்தைப் பார்த்தோம். கின்ஷாசா ஒரு கரை, பிராசவில் எதிர்க் கரை. நடுவில் கொங்கோ ஆறு. இரண்டும் தலைநகரங்கள். தாத்தா இருந்த காலத்தில் கின்ஷாசாவுக்கு லியோபோல்ட்வில் என்று பேர். அவ்வளவு நாள் சிரித்ததற்கு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவர் கெடா தோட்டத்துப் பிள்ளை. 1958-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று பேரும் சேரக்கூடிய ஃபெடரேஷன் ரெஜிமெண்ட் என்று ஒன்று இருந்தது. 1960 ஜனவரியில் அதை கவசக் கார் படையோடு சேர்த்து ஃபெடரேஷன் ரெக்கானசென்ஸ் என்று ஆக்கினார்கள். இவர் ஃபெரட் என்ற சின்னக் கவசக் காடி ஓட்டப் பழகினார். அதே வருடம் ஜூன் 30-இல் கொங்கோ பெல்ஜியத்திடம் இருந்து சுதந்திரம் வாங்கியது. வாங்கிய சில நாளிலேயே அங்கே கலகம். ஐ.நா. சபை படை அனுப்பச் சொல்லி நாடுகளைக் கேட்டது. நாம் சுதந்திரம் வாங்கி மூன்று வருடம்தான். நம் நாட்டில் அவசரகாலம் முடிந்ததே 1960 ஜூலை 31-இல். இருந்தும் துங்கு அனுப்பினார். அக்டோபரில் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இப்போதைய கிள்ளான் துறைமுகத்தில், கப்பல் ஏறிய முதல் கூட்டத்தில் இவரும் ஒருவர். நம் ராணுவம் ஐ.நா. அமைதிப் பணிக்குப் போன முதல் பயணம் அதுதான். இன்றைக்கு லெபனான், போஸ்னியா, சோமாலியா என்று சொல்கிறோமே, எல்லாவற்றுக்கும் முன்னால் அது.

பதக்கம் அங்கேயே அணிவகுப்பில் குத்திவிட்டார்கள் என்றார். முன்பக்கம் உலக உருண்டையும் இலை வளையமும், மேலே ஐ.நா. என்பதற்கு இரண்டு ஆங்கில எழுத்து. பின்பக்கம் சமாதானத்தின் சேவையில் என்ற மாதிரி ஆங்கிலத்தில். ரிப்பன் மேல் கொங்கோ என்று எழுதிய சின்னப் பட்டை. பேர் எதுவும் வெட்டியிருக்காது. யார் கையில் இருந்தாலும் அது ஒரே மாதிரிதான்.

அதுதான் வினை. 2009-இல் ஒரு நிகழ்ச்சிக்கு அதைக் குத்திக்கொண்டு போயிருக்கிறார். எந்த நிகழ்ச்சி, யார் என்பது வேண்டாம். வாசலில் நின்ற ஒருவர், "ஐயா, இதுக்கு உங்க சர்வீஸ் புக்குல பதிவு இருக்கா? இல்லாததைக் குத்தக்கூடாது," என்று சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் இல்லை. அவர் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்தை நன்று, உள்நாட்டுப் பதக்கம் ஒன்று, அவ்வளவுதான். கொங்கோ என்ற சொல்லே இல்லை. பத்துப் பேர் முன்னால் கழற்றினார். பாட்டி பக்கத்தில் நின்றிருக்கிறார். நேராகக் கோயிலுக்கு வந்து உண்டியலில் போட்டுவிட்டார்.

"ஏன் தாத்தா உண்டியல்ல?" என்று கேட்டோம்.

"சாமியும் பட்டாளத்துக்காரர்தானே தம்பி. தேவசேனாபதி. அவருக்கு யாரும் ரெக்கார்டு கேட்க மாட்டாங்க."

இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. நாங்கள் நாலு பேரும் ஃபேக்டரியில் இருப்பவர்கள். ரெக்கார்டில் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்கவே இல்லை என்று அடிட்டுக்கு வருகிறவன் எழுதிவிட்டுப் போவான். மெஷின் ஓடியிருக்கும், சாமான் லோரி ஏறிப் போயிருக்கும். தாளில் கையெழுத்து இல்லையென்றால் எல்லாம் பூஜ்யம். அந்த வலி எங்களுக்குத் தெரியும்.

முதலில் எங்கள் சொந்த ரெக்கார்டைப் பார்ப்போம் என்று 2009 உண்டியல் புத்தகத்தை எடுத்தோம். இருந்தது. தேதி, சாட்சிக் கையெழுத்து இரண்டு, மொத்தத் தொகை, கீழே எங்களில் ஒருவருடைய கையெழுத்தில்: 'வெளிநாட்டுக் காசு, பெரியது, 1. மதிப்பு இல்லை.' ராணுவ கிளார்க்கைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன யோக்யதை என்று தோன்றியது.

பிப்ரவரியில் பதிவு அலுவலகத்துக்கு எழுதினோம். தாத்தாவின் ஐசி நகல், சர்வீஸ் புக் நகல், பதக்கத்தின் படம். ஏப்ரலில் பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான். ஆனால் அந்தப் பேரில் கொங்கோ படையில் எவரும் இல்லை என்று இருந்தது.

தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். மகனுக்குப் போன் அடித்தோம். ஜொகூரில் இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், "அண்ணே, அப்பா சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் சொல்லுவாரு. விட்டுடுங்க," என்றார். மகனே நம்பவில்லை.

வழி காட்டியவர் அன்னதானத்துக்குக் காய் நறுக்க வரும் ஒரு அண்ணன். அவரும் முன்னாள் ராணுவம். "பேரை வச்சுத் தேடினா கிடைக்காது. நம்பர் என்ன?" என்றார். தாத்தாவைக் கேட்டோம். காலையில் மருந்து சாப்பிட்டாரா என்பது அவருக்கு ஞாபகம் இருக்காது. நம்பர் என்றதும் முதுகை நிமிர்த்தி ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னார். ஒரு இலக்கம் தடுமாறவில்லை. மறுநாள் சோதித்தோம். அதே நம்பர்.

பேர்க் குழப்பம் பிறகு விளங்கியது. தமிழில் 'த' என்று தொடங்கும் பேர் அவருக்கு. தோட்டத்துக் கிராணி பிறப்புப் பத்திரத்துக்கு எழுதும்போது ஆங்கில வரிசையில் இருபதாவது எழுத்தைப் போட்டார். ஐசியும் அப்படியே. கொங்கோவுக்குப் பேர்ப் பட்டியல் தட்டிய கிளார்க் காதில் கேட்டபடி நாலாவது எழுத்தைப் போட்டுவிட்டார். நடுவிலும் ஒரு எழுத்து குறைச்சல். நம்மில் இது இல்லாத குடும்பம் உண்டா? அண்ணன் தம்பிக்கே அப்பா பேர் இரண்டு எழுத்துக்கூட்டில் இருக்கும். ஃபேக்டரியில் லாட் நம்பர் சரியாக இருந்தும் லேபல் மாறினால் நல்ல சாமான் ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும். அதே கதைதான். அத்தோடு அந்த வருடம் ரெஜிமெண்டே மாறியது. பழைய அட்டை மூடியாகிவிட்டது. புதிய அட்டை அவர் திரும்பி வந்த பிறகு எழுதியது. நடுவில் இருந்த மாதங்கள் எந்த அட்டையிலும் இல்லை.

நம்பரோடு மறுபடி எழுதினோம். இந்தத் தடவை பட்டியலில் ஆள் கிடைத்தார். ஆனால் இன்னும் இரண்டு கேள்வி வந்தது. ஒன்று, அந்தப் பதக்கத்துக்குத் தொண்ணூறு நாள் பணி வேண்டும், அதற்கு என்ன ஆதாரம்? இரண்டு, கொங்கோ பதக்கத்தின் ரிப்பன் பச்சை, நீங்கள் அனுப்பிய படத்தில் நீலம், இது வேறு பதக்கமாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்வியில்தான் எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது. இணையத்தில் தேடினால் எல்லாப் படமும் பச்சைதான். நடுவில் அகலப் பச்சை, ஓரத்தில் வெள்ளை, நீலம். தாத்தாவோ "நீலம்தான், ரெண்டு வெள்ளைக் கோடு" என்று சாதிக்கிறார். எங்களில் ஒருவருடைய மகள் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தாள். ஆரம்பத்தில் கொங்கோ படைக்குத் தனி ரிப்பன் இல்லை. ஐ.நா. ஏற்கெனவே வேறு பணிக்குக் கொடுத்துவந்த நீல ரிப்பனையே கொடுத்து, அடையாளத்துக்கு மேலே கொங்கோ என்று பட்டை வைத்தார்கள். 1963-இல்தான் பச்சை ரிப்பன் வந்தது, பட்டை தேவையில்லாமல் போனது. அப்படியானால் நீல ரிப்பனும் பட்டையும் இருப்பது சந்தேகம் இல்லை, முதலில் போனவர் என்பதற்கு அத்தாட்சி. பொய் சொல்கிறவன் படத்தைப் பார்த்துப் பச்சை என்றுதான் சொல்லியிருப்பான்.

தொண்ணூறு நாளுக்குக் காகிதம் பீடோங்கில் இருந்தது. தாத்தாவின் தங்கை. எண்பது தாண்டியவர். டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் ஒரு மஞ்சள் ஊசிப் புத்தகம், 1960 செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலுக்குக் குத்தியது. அதற்குள் இரண்டு நீலக் கடிதம், ஐ.நா. படையின் அஞ்சல் முத்திரையோடு. ஒன்றில் நவம்பர் 1960. இன்னொன்றில் மார்ச் 1961. எண்ணினால் நூறு நாளுக்கு மேல். இரண்டும் அம்மாவுக்கு எழுதியது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தோட்டத்துப் பள்ளி வாத்தியார்தான் படித்துக் காட்டுவாராம். அந்தப் பாட்டி சொன்னார்: "ஒரு தடவ படிச்சா போதாது, ஆத்தா வாத்தியாரை விடாது. ஆறைப் பத்தி எழுதியிருக்கிற எடத்த மட்டும் மூணு வாட்டி படிக்கச் சொல்லும்." அந்தக் கடிதத்தை நாங்களும் பார்த்தோம். ஆறு, எதிர்க்கரைத் தலைநகரம், மரவள்ளிக் களி, எல்லாம் 1960-இலேயே எழுதி வைத்திருக்கிறார். வார்த்தைகூட மாறவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஜொகூருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினோம். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

ஜூலை 31 பஹ்லாவான் தினத்துக்குள் முடித்துவிட ஆசைப்பட்டோம். முடியவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை ஆபிஸுக்குப் போய் வந்தோம். இரண்டாவது தடவை கவுண்டரில் இருந்த மலாய்க்காரத் தம்பி கடிதங்களின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, தமிழ் தெரியாவிட்டாலும் முத்திரையைத் தடவிப் பார்த்தார். எழுந்து நின்று தாத்தாவுக்கு சல்யூட் அடித்தார். தாத்தா பதிலுக்கு அடித்த சல்யூட்டில் கை நடுங்கவில்லை. வெளியே காடிக்கு வருவதற்குள் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

இதற்கிடையில் நம் நிர்வாகத்தில் ஒரு பஞ்சாயத்து. உண்டியலில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்கலாமா? தமிழ்நாட்டில் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் ஒருவருடைய ஐபோன் விழுந்து, அது சாமிக்குத்தான் சொந்தம் என்று சொன்ன செய்தி போன டிசம்பரில்தான் எல்லாருக்கும் வந்தது. அதைக் காட்டி இரண்டு பேர் கூடாது என்றார்கள். தவறி விழுந்த போனுக்கே அப்படியென்றால், மனதறிந்து போட்டது எப்படித் திரும்பும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். தாத்தாவும் அந்தக் கட்சி! குருக்கள்தான் சிக்கலை அவிழ்த்தார். "நீங்க ஏன் எடுத்துக் கொடுக்கறீங்க? சாமி கிட்ட வையுங்கோ. விபூதி, பூவோட நான் கொடுக்கறேன். பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல அவருக்கு உரிமை இல்லை," என்றார்.

பதில் கடிதம் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது. ஒரே பக்கம். பழைய அட்டையில் எதையும் அழிக்கவில்லை, அடிக்கவில்லை. இணைப்பாக ஒரு தாள். இந்த எண்ணுள்ள வீரர் மலாயா சிறப்புப் படையில் கொங்கோவில் பணிபுரிந்தார், ஐ.நா. பதக்கத்துக்கு உரியவர் என்று மலாயில் இரண்டு வரி. தாத்தாவுக்குப் பணம் ஒன்றும் வராது, பத்து வருடத்தில் விலகியவர் என்பதால் பென்ஷனும் இல்லை. பென்ஷனுக்கு இருபத்தொரு வருடம் வேண்டும். அதை அவர் கேட்கவும் இல்லை. பேர் எழுதிய இடத்தைத்தான் விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு எழுத்துக்கூட்டையும் போட்டு, நடுவில் ஐசியில் வருகிற மாதிரி அந்தச் சுழி 'அட்' குறி.

"அறுபத்தஞ்சு வருசமா ஒரே ஆளாத்தான் இருந்தேன். இப்ப ரெண்டு ஆளாக்கிட்டாங்க," என்றார்.

சூரசம்ஹாரத்தன்று காலை சந்தனக்காப்பு முடிந்ததும் குருக்கள் வேலின் அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். ரிப்பனை மாற்றலாம் என்று புது நீல ரிப்பன் வாங்கி வைத்திருந்தோம். வேண்டாம் என்றுவிட்டார். ஜொகூரில் இருந்து மகன் ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தார். வந்து எங்களோடு ஒன்றும் பேசவில்லை. ஊக்கு துருப்பிடித்திருந்ததால் குத்தவில்லை. அவர்தான் தன் சட்டைப் பையில் இருந்த ஊக்கை எடுத்து அப்பா சட்டையில் குத்திவிட்டார். சாயங்காலம் சூரன் மூன்றாவது தலை விழுகிற வரைக்கும் செருப்புக் கவுண்டரில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டோக்கன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஆறு அவ்வளவு அகலமாப்பா?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

வீட்டில் பெரியவர்கள் யாராவது பட்டாளத்தில், போலீஸில், அவசரகால ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்திருந்தால், பேரோடு நிற்காமல் அவர்கள் நம்பரை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கடிதம், ஊசிப் புத்தகம், படம் எதையும் சுத்தம் செய்கிறோம் என்று எரித்துவிடாதீர்கள். உதவி வேண்டுமென்றால் ஞாயிறு காலை அன்னதானக் கூடத்தில் நாங்கள் இருப்போம்.

எங்கள் உண்டியல் புத்தகத்தையும் திருத்தியாகிவிட்டது. 2009-ஆம் வருடப் பக்கத்தில் 'வெளிநாட்டுக் காசு, பெரியது' என்பதன் மேல் ஒரே கோடு, பழைய எழுத்து தெரியும்படி. பக்கத்தில் சிவப்பு மையில் 'ஐ.நா. பதக்கம், கொங்கோ, 1'. நாலு பேர் கையெழுத்து, இன்றைய தேதி. பொருளாளர் மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். அதைக் காலியாக விட்டிருக்கிறோம்.